பால்தான் என்று சொன்னவன்

1

கொழும்பு வாழ்க்கையைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் வாசிக்கும்படி எழுதித் தரச் சொல்லி, பத்திரிகை ஆசிரியர் எனக்கு இரண்டு கடிதம் போட்டுவிட்டார். சமையல்காரனிடம் போய் எழுத்துக் கேட்கிறாரே என்று முதல் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இரண்டாவது கடிதம் வந்தபோது எழுதுவதற்கு ஒரு விஷயம் இருந்தது. அவர் கேட்ட விஷயம் அல்ல அது. இருந்தாலும் நம் ஊரில் பலர் வாசிக்கும் பத்திரிகையில்தான் அது வர வேண்டும்.

என் பெயர் மாசிலாமணி. ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச் தெருவில் பிறந்தவன். இராஜபாளையத்தில் பஞ்சாலை இயந்திரங்களைப் பூட்டிக் கொடுக்க வந்த இஞ்சினீயர் துரையின் பங்களாவில் மூன்று வருஷம் சமையல் செய்தேன். துரைக்குக் கொழும்பில் வேலை வந்தபோது மனைவி அருளம்மாளையும் ஆறு வயது மகள் கிரேஸையும் கூட்டிக்கொண்டு அவர் பின்னால் கப்பலேறினேன். சண்டை தொடங்கியதும் துரை சீமைக்குப் போய்விட்டார். நான் இங்கேயே தங்கிவிட்டேன். இப்போது கம்பெனிக் குமாஸ்தாக்கள் தங்கும் ஒரு போர்டிங் வீட்டில் தலைமைச் சமையல்காரன். விடியுமுன் அடுப்பு மூட்டுவேன். மத்தியானம் இரண்டு மணி நேரம் ஓய்வு. சாயங்காலம் மறுபடியும் அடுப்பு.

மொழிதான் முதலில் இடித்தது. தமிழ்தான், ஆனாலும் வேறு தமிழ். இங்கே ரொட்டி என்றால் பாண். பேசுவது என்றால் கதைப்பது. பிறகு என்றால் பேந்து. வந்த புதிதில் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர், "பேந்து வந்து கதைக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மனிதர் கதை சொல்ல வருகிறார் என்று அருளம்மாள் பாய் விரித்து வைத்தாள். அவர் வந்து, எங்கள் கோழி அவருடைய கீரைப் பாத்தியைக் கிளறுவதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அரிசிக் கூப்பனுக்காக வரிசையில் நின்றபோது, எழுதிக்கொண்டவர் என் பிறந்த ஊரை மூன்று முறை கேட்டார். கடைசியில் 'சீரிபுத்தூர்' என்று எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள். இன்றைக்கும் சர்க்கார் தஸ்தாவேஜில் நான் சீரிபுத்தூர்க்காரன்.

கிரேஸுக்கு இப்போது பதினைந்து வயது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். ஏதாவது வேண்டும் என்று கேட்கும்போதுதான் தமிழ் வரும். தெருப் பிள்ளைகளோடு சிங்களம். தமிழ் எழுத்தை ஒன்றொன்றாகக் கூட்டித்தான் வாசிப்பாள். இந்தப் பக்கத்தை அவள் கையில் கொடுத்தால் முதல் வரியைத் தாண்ட அரை மணி நேரம் ஆகும்.

2

அவள் பரீட்சையில் நன்றாகத் தேறியதற்காகப் போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூட்டாளிப் பெண்களை வீட்டுக்கு அழைத்திருந்தாள். வடை வேண்டாம், முறுக்கு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"மேரி வீட்டுல முதல்ல சூடா ஒரு சீஸ் வைப்பாங்க அப்பா. சின்னக் கிண்ணத்துல. அதுல பாண் துண்டைத் தொட்டுச் சாப்பிடணும். உங்களுக்குச் செய்யத் தெரியுமா?"

எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. இந்த ஊருக்கு வந்தபிறகு அந்தப் பண்டத்தை நான் ஒரு தடவைகூடச் செய்யவில்லை. போர்டிங் வீட்டில் யாராவது கேட்டாலும், சீஸ் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுவேன். ஆனால் பிள்ளை தேறியிருக்கிறாள். போர்டிங் வீட்டு அம்மாளே ராணுவக் கிடங்கிலிருந்து வந்த ஒரு டப்பா சீஸை என் கையில் கொடுத்து, "கிரேஸுக்கு" என்று சொல்லிவிட்டார்கள். செய்தேன்.

சீஸைத் தேங்காய் துருவுகிற மாதிரி துருவிக்கொள்ள வேண்டும். காய்ந்த ரொட்டியை உதிர்த்துச் சூடான பாலில் ஊறவைத்து, வெண்ணெய், கடுகுப் பொடி, மிளகுப் பொடி சேர்த்து, துருவிய சீஸில் முக்கால் பங்கை அதிலே போட்டுப் பிசைய வேண்டும். வெண்ணெய் தடவிய சின்னக் கிண்ணங்களில் நிரப்பி, மீதிச் சீஸை மேலே தூவி, அடுப்புப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஓரத்தில் குமிழி வெடித்து, மேலே தோசையின் நடுப்பாகம் போல் சிவந்தவுடன் எடுத்துவிட வேண்டும். ஒரு நிமிஷம் தாமதித்தால் எண்ணெய் பிரிந்து ரப்பர் ஆகிவிடும். ஆறினாலும் ரப்பர்தான். அதனால் சமையல்காரனே கையில் ஏந்திக்கொண்டு ஓட வேண்டும்.

ஏந்திக்கொண்டு ஓடினேன். ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் இருந்த பெண்ணின் நெற்றியில் திருநீறு இருந்தது. யோகேஸ்வரி என்று கிரேஸ் அடிக்கடி சொல்லுகிற யாழ்ப்பாணத்துப் பெண். அவள் வருவாள் என்று எனக்குத் தெரியாது. கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் என் மகளிடம் மெதுவாகக் கேட்டாள்.

"கிரேஸ், இதிலை மச்சம் ஏதும் இருக்கோ?"

மச்சம் என்றால் நம் ஊரில் உடம்பில் இருக்கிற புள்ளி. இங்கே மீனும் கறியும் மச்சம்.

"இல்லை யோகா. பால்தான். சாப்பிடு" என்றாள் கிரேஸ்.

என் மகள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். நான்தான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் ரொட்டித் துண்டை எடுத்துக் கிண்ணத்தில் தோய்க்கிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு வந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

பிறகு சொன்னேன். "வேண்டாம் பிள்ளை. கீழே வச்சிரு. அதுல கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற ஒரு உறை சேந்திருக்கும். அதப் போட்டாத்தான் இந்தப் பால் கட்டியாகும். உங்க வீட்டுல ஒத்துக்கிட மாட்டாக."

எல்லாப் பெண்களும் கையை நிறுத்திவிட்டார்கள். யோகேஸ்வரி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "தாங்ஸ் அங்கிள்" என்றாள். கிரேஸின் முகம் சுண்டிப்போயிற்று. அதற்குப் பிறகு அந்த விருந்தில் யாரும் உரக்கச் சிரிக்கவில்லை. கிண்ணங்கள் எல்லாம் ஆறி ரப்பராகி, அப்படியே சமையல்கட்டுக்குத் திரும்பி வந்தன.

3

இனி இராஜபாளையத்துக்கு வருகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் பஞ்சாலைக்குப் போகிறவர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர். அவர்களில் ஒருவர் சங்கரலிங்கம் பிள்ளை. ஆலையின் ஸ்டோரில் குமாஸ்தா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் ஓடி வருவதற்குள் பஸ் நிறைந்துவிடும் என்று பக்கத்து இடத்தில் குடையைப் போட்டு வைத்திருப்பார். துரையின் மனைவி துரைசானி இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கிற சமையல் குறிப்பை நான் அவரிடம்தான் நீட்டுவேன். 'சிம்மர்' என்றால் என்ன, 'பிஞ்ச்' என்றால் எவ்வளவு என்று தம் சட்டைப்பையிலிருக்கும் பென்சிலால் தமிழில் எழுதித் தருவார். மாமிசம் சமைக்கிற குறிப்பாக இருந்தாலும் முகம் சுளிக்காமல் எழுதுவார்.

அவர் சுத்த சைவம். முட்டை வெந்த பாத்திரத்தில் காய்ச்சிய பாலைக்கூடத் தொட மாட்டார். சாயங்காலம் வேலை முடிந்து குளித்துவிட்டு மடவார்வளாகம் சிவன் கோயிலில் தேவாரம் பாடுவார். அதற்காகக் கோயிலில் அவருக்குச் சம்பளமோ பட்டமோ கிடையாது. பாடுவார், அவ்வளவுதான். அவர் குரலுக்காகவே அந்த நேரம் பார்த்துக் கோயிலுக்கு வருகிறவர்கள் உண்டு. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரனான நானே வெளியே தெருவில் நின்று கேட்டிருக்கிறேன்.

இயந்திரங்கள் எல்லாம் ஓடத் தொடங்கியதும் துரை பங்களாவில் ஒரு விருந்து வைப்பதாக ஏற்பாடு. ஆலை முதலாளிகள், டாக்டர், ஆபீஸ்காரர்கள் எல்லாரையும் அழைத்திருந்தார். அதற்காகச் சென்னையிலிருந்து ஒரு பெரிய டப்பா சீஸ் வந்தது. துரைசானி குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்கள். அவர்களுடைய தகப்பனார் சீமையில் பண்ணை வைத்திருந்தவர். சீஸ் எப்படிச் செய்வார்கள் என்று எனக்குக் கையாலும் வாயாலும் விளக்கினார்கள். கன்றுக்குட்டியின் வயிற்றைக் காயவைத்து, அதில் ஒரு துண்டை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைப் பாலில் விட்டால் பால் கட்டியாகிவிடும் என்றார்கள். எனக்குச் சரியாகப் புரிந்ததா என்று தம் வயிற்றைத் தட்டிக் காட்டி, 'ம்மா' என்று கத்திக்கூடக் காட்டினார்கள். நன்றாகப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து அருளம்மாளிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப சைவக்காரவுகளுக்கு அதக் கொடுத்துராதீக" என்றாள்.

இரண்டு நாள் கழித்துத் துரைசானி கேட்டார்கள். மாமிசம் சாப்பிடாதவர்களுக்கு என்ன வைக்கலாம், இது பால்தானே, இதை வைக்கலாம் அல்லவா என்று. நான் "எஸ் மேடம்" என்றேன். அவர்களுக்கு நம் ஊர் வழக்கம் எங்கே தெரியும்? தெரிந்தவன் நான். முதல் தப்பு அது.

ஏன் அப்படிச் சொன்னேன்? விருந்து நன்றாக நடந்தால் கொழும்புக்கு என்னையும் கூட்டிப் போவதாகத் துரை சொல்லியிருந்தார். இன்னொன்றும் உண்டு. அந்தப் பண்டம் எனக்கு நன்றாக வந்தது. பங்களாவில் அடுப்புப் பெட்டி கிடையாது. மண்ணெண்ணெய்த் தகரத்தைப் படுக்கப்போட்டு, கீழே கரி, மேலே கரி வைத்து நானே ஒன்று செய்திருந்தேன். வத்திராயிருப்பு வெண்ணெய் வாங்கி வந்தேன். முட்டை சேர்க்காமல், கடுகோடு ஒரே ஒரு பச்சைமிளகாயைப் பொடியாக நறுக்கிச் சேர்த்தேன். அது துரைசானியின் குறிப்பில் இல்லாதது, என் யோசனை. ருசி பார்த்துவிட்டுத் துரையே சமையல்கட்டுக்கு வந்து என் தோளைத் தட்டினார். அதை நாலு பேர் சாப்பிட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு வெறி மாதிரி இருந்தது.

விருந்தன்று முதலாளி வீட்டுப் பெரியவர் ஒருவர் முதல் கிண்ணத்தை வாங்கிச் சாப்பிட்டு, "பாகா உந்தி", நன்றாயிருக்கிறது என்று தெலுங்கில் சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வராந்தா ஓரத்தில் சங்கரலிங்கம் பிள்ளையும் இன்னும் நாலு சைவக்காரர்களும் சோடாவும் வாழைப்பழமுமாக ஒதுங்கி நின்றார்கள். நேரே அவர்களிடம் தட்டைக் கொண்டுபோனேன். மற்ற நாலு பேரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்கள். பிள்ளை என் முகத்தைப் பார்த்தார்.

"மாசிலாமணி, இதுல முட்டை உண்டா?"

"இல்ல அண்ணாச்சி. உங்களுக்குன்னே முட்டை சேக்காமப் பண்ணுனது."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"பால்தான் அண்ணாச்சி."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. வாங்கிச் சாப்பிட்டார். "உப்புப் போட்ட திரட்டுப்பால் மாதிரி இருக்கு ஓய்" என்று சிரித்தார். அவர் சாப்பிட்டதைப் பார்த்து மற்ற நாலு பேரும் சாப்பிட்டார்கள். நான் இன்னொரு தட்டு எடுத்துவரச் சமையல்கட்டுக்கு ஓடினேன்.

4

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, சமையல்கட்டு ஜன்னலுக்குக் கம்பி வலை வாங்குவதற்காகத் துரைசானி ஆலை ஸ்டோருக்குப் போனார்கள். நான் பின்னால் போனேன். அங்கே பிள்ளையும் இரண்டு சின்னக் குமாஸ்தாக்களும் தராசுக்காரரும் இருந்தார்கள். துரைசானி பிள்ளையை அடையாளம் கண்டுகொண்டு, எங்கள் வீட்டுச் சீஸ் உங்களுக்குப் பிடித்திருந்ததாமே என்று ஆரம்பித்தார்கள். எனக்குச் சொன்ன அதே கதையை அவருக்கும் சொன்னார்கள். கன்றுக்குட்டி, வயிறு, உப்புத் தண்ணீர், எல்லாம். குமாஸ்தாக்களில் ஒருவன் தராசுக்காரருக்குத் தமிழில் சொல்லிவிட்டான்.

பிள்ளை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "வெரி இன்ட்ரஸ்டிங், மேடம்" என்று சொல்லிவிட்டு, கம்பி வலைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். எழுத்து எப்போதும்போல முத்து முத்தாக இருந்தது.

அன்று சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்தில் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உமக்கு முந்தியே தெரியுமா?"

நான் பஸ் வருகிற திசையைப் பார்த்தேன்.

"தெரியும், தெரியாது, ரெண்டுல ஒண்ணு சொல்லும்."

"தெரியும் அண்ணாச்சி."

"பொறவு ஏன் ஓய் பால்னு சொன்னீரு?"

"நீங்க சாப்பிட்டு நல்லாருக்குன்னு சொல்லணும்னு இருந்துச்சு."

அவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "தெரியாமத் தின்னதுக்கு நானும் சாமியும் ஒரு வழி பண்ணிக்கிடுவோம். நீரு தெரிஞ்சு சொன்னது ஒண்ணு இருக்கே, அத நான் எங்க கொண்டுபோய்க் கழுவ?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அன்று பஸ்ஸில் குடை என் இடத்தில் கிடக்கவில்லை. மறுநாளும் இல்லை.

ஊரில் பேச்சு கிளம்பியது. பதவி உயர்வுக்காகச் சங்கரலிங்கம் பிள்ளை துரையோடு உட்கார்ந்து கன்றுக்குட்டி தின்றார் என்று பேச்சு. தாம் தின்றதுமல்லாமல் நாலு பேரையும் தின்ன வைத்தார் என்று இன்னொரு பேச்சு. யாரும் அவரைக் கோயிலுக்கு வராதே என்று சொல்லவில்லை. அவராகவே பாடுவதை நிறுத்திவிட்டார். கொடிமரத்துக்கு இந்தப் பக்கமே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார் என்று சொன்னார்கள்.

அவருடைய மூத்த பெண் செண்பகத்துக்குச் சுந்தரபாண்டியத்தில் இடம் பேசி முடித்திருந்தார்கள். பேச்சு அங்கேயும் போயிற்று. மாப்பிள்ளையின் தகப்பனார் ஆள் விட்டுக் கேட்டிருக்கிறார். "கேட்டேன், பால்தான்னு சொன்னாங்க" என்று பிள்ளை பதில் சொல்லியிருக்கிறார். யார் சொன்னது என்று கேட்டபோது பேர் சொல்லவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அவர் எங்கள் தெருவுக்கு வந்தார். அதுவரை வந்ததில்லை. வாசலிலேயே நின்றார். அருளம்மாள் நாற்காலி எடுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"உம்ம பேர நான் சொல்லிருப்பேன்" என்றார். "சொன்னா, வேதக்காரன் வேணும்னே சைவக்காரன் வாயில வச்சான்னு ஊரு கிளம்பும். இந்தத் தெருவுல இருக்கிறவுகளுக்கெல்லாம் சங்கடம். உம்ம வேலையும் போயிரும். அதனால நான் சொல்லல. நீரே வந்து சொல்லும். வார ஞாயித்துக்கிழமை மத்தியானம் சுந்தரபாண்டியத்துல அவுக வீட்டுல நாலு பெரிய மனுசரு இருப்பாக. பிள்ளை கேட்டாரு, நான் மறைச்சிட்டேன், அம்புட்டுத்தான் சொல்லணும். செத்த நேர வேலை. நீரு வந்து சொன்னா அது கோளாறாப் போகாது. நான் பேசிக்கிடுதேன்."

"வாரேன் அண்ணாச்சி" என்றேன்.

"வந்துருவீருல்ல?"

"கட்டாயம் வாரேன்."

உள்ளே நின்ற அருளம்மாளுக்கு எல்லாம் கேட்டது.

5

அந்த வாரமே துரைக்குக் கொழும்பிலிருந்து தந்தி வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை புறப்பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவே ஒரு நாள் இருந்தது. சொல்லிவிட்டு வந்தால்கூடக் கப்பலுக்குத் தாமதம் ஆகியிருக்காது. இதை நான் நூறு தடவை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்ததும் அருளம்மாள் வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்தாள். "போய் உள்ளதச் சொல்லிட்டு வாங்க" என்றாள். வத்திராயிருப்பு போகிற பஸ்ஸில் ஏறினேன். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சுந்தரபாண்டியம் வந்தது. பஸ் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அந்த வீட்டில் நாலு பெரிய மனிதர்கள் என்னைப் பார்க்கிற பார்வைதான் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அடித்துவிடுவார்களோ என்ற பயம்கூட இல்லை. அவர்கள் முன்னால் 'நான் மறைத்தேன்' என்று என் வாயால் சொல்ல வேண்டுமே என்பதுதான் பயம். பஸ் கிளம்பிவிட்டது.

வத்திராயிருப்பில் இறங்கி ஒரு தென்னந்தோப்பு ஓரமாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்புகிற பஸ்ஸில் இறங்கிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த பஸ்ஸும் சுந்தரபாண்டியத்தில் நின்றது. பிள்ளை ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். சலவை வேட்டி, தோளில் துண்டு. இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் குனிந்து செருப்பைச் சரி செய்கிறவன்போல இருந்துவிட்டேன். பஸ் வெகு தூரம் வந்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

வீட்டில் அருளம்மாள், "சொல்லிட்டீகளா?" என்றாள்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாக?"

"சரின்னுட்டாக."

செவ்வாய்க்கிழமை ரயிலேறினோம்.

6

கிரேஸின் விருந்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடியும் வரைக்கும் அவள் என்னோடு பேசவில்லை. பிறகு தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள். அவளுடைய தமிழில்தான் கேட்டாள்.

"உங்களுக்கு அது தெரிஞ்சா முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் யோகாவைக் கூப்பிட்டு அவளுக்கு வேற வச்சிருப்பேன். ஏன் சொல்லல?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல இராஜபாளையத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. தொடங்கினேன். அருளம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள், தெரிந்த கதைதானே என்று. வத்திராயிருப்பு பஸ் வந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"சுந்தரபாண்டியத்துக்குப் போய்ச் சொல்லிட்டு வந்தேன்னீகளே."

"இறங்கல."

"இறங்கவே இல்லையா?"

"இல்ல."

அவள் ஈரக் கையோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். "எங்க வீட்டுக்காரரு தப்புப் பண்ணுனாரு, ஆனா போய் நாலு பேருக்கு முன்னால உள்ளதச் சொல்லிட்டு வந்தாருன்னு எங்க அம்மாகிட்ட சொன்னேன். என் தங்கச்சிகிட்ட சொன்னேன். இந்தப் பிள்ளைக்கு ஒரு நல்லது சொல்லணும்னா அதத்தான் சொல்லுவேன். எம்புட்டுத் தடவ சொல்லிருக்கேன் கிரேசு?" என்றாள்.

அம்மா சொன்ன கதையைக் கிரேஸ், அது என்ன தப்பு என்று தெரியாமலே, எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். எனக்கு அது அன்றுதான் தெரியும். என்னைப் பற்றி என் வீட்டில் ஒரு நல்ல கதை ஒன்பது வருஷமாக நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கதையில் வருகிற நல்லதை நான் செய்யவே இல்லை.

"அந்த மாமா உயிரோட இருக்காரா?" என்று கிரேஸ் கேட்டாள்.

"தெரியாது."

"அவர் மகள்?"

"தெரியாது."

"யார்கிட்டயும் கேட்டதில்லையா?"

"இல்ல."

அவள் எழுந்து போய்விட்டாள். என் மகள் என்னிடமிருந்து விலகிப் போகிறாள், பாஷையால் விலகுகிறாள், பள்ளிக்கூடத்தால் விலகுகிறாள் என்றெல்லாம் நான் போர்டிங் வீட்டில் குறைப்பட்டுக்கொண்டதுண்டு. அன்று அவள் விலகிப்போனதற்குப் பாஷையைக் குறை சொல்ல முடியாது. நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குப் புரிந்துதான் இருந்தது.

7

நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று முதலில் நினைத்தேன். இப்போது ஊருக்குப் போனால் திரும்பி வர அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு ஒரு விண்ணப்பப் பாரம். தொழில், பிறந்த ஊர், இங்கே வந்த விவரம், பிணை நிற்பவர் என்று பல கேள்விகள். 'பயணத்தின் நோக்கம்' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன். ஒரு மனிதரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று அங்கே எழுத முடியுமா? 'குடும்ப காரியம்' என்று எழுதினேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் பழைய கூப்பன் கடுதாசியையும் புதுப் பாரத்தையும் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றில் சீரிபுத்தூர் என்றும் ஒன்றில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்றும் இருக்கிறதே, எது சரி என்றார். அதைச் சரிசெய்து வர இன்னும் சில மாதம் ஆகும் என்று தெரிந்தது. அவர் பேரில் தப்பு இல்லை.

அதனால் பிள்ளைக்குக் கடிதம் எழுதினேன். நடந்ததை எழுதி, மன்னிப்புக் கேட்டு, நம் ஊர்ப் பத்திரிகையில் என் பேரோடும் அவர் பேரோடும் இதை வெளியிட அனுமதி கேட்டேன். பழைய விலாசத்துக்கே போட்டேன். அருளம்மாள் அந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். துரைசானியும் கொஞ்சம் யோசித்துப் பேசியிருக்கலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். "அவுக மேல எதுக்குச் சாத்துறீக? அந்த வரிய அடிங்க" என்றாள். அடித்துவிட்டேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. எழுத்து இன்னும் முத்து முத்தாகத்தான் இருக்கிறது. அவர் எழுதியது இவ்வளவுதான்:

"மாசிலாமணிக்கு. உமது கடிதம் கிடைத்தது. சுந்தரபாண்டியத்து இடம் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுபோயிற்று. செண்பகத்தைப் பிறகு தளவாய்புரத்தில் இரண்டாந்தாரமாகக் கொடுத்தேன். இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் கோயிலுக்கு உள்ளே போகிறேன். பாடுவதில்லை. அன்று வத்திராயிருப்பு பஸ்ஸில் உம்மைப் பார்த்தேன். போகும்போதும் பார்த்தேன், வரும்போதும் பார்த்தேன். இதை என் வீட்டில்கூட இதுவரை சொன்னதில்லை. மன்னிப்பு என்று எழுதியிருக்கிறீர். அதைப் பற்றி எழுத எனக்கு இப்போது ஒன்றும் தோன்றவில்லை. முதலில் அச்சில் வரட்டும். பேர்களை மறைக்க வேண்டாம். சுந்தரபாண்டியத்தில் மூன்று வீடுகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்கிறேன்."

கடிதத்தை அருளம்மாளுக்கும் கிரேஸுக்கும் வாசித்துக் காட்டினேன். 'போகும்போதும் பார்த்தேன்' என்ற இடத்தில் கடிதத்தைத் தாழ்த்திவிட்டேன். மீதியைக் கிரேஸ் என் கையிலிருந்து வாங்கி, எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்து முடித்தாள். நெடுநேரம் ஆயிற்று. நாங்கள் இருவரும் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆகவே ஆசிரியர் ஐயா அவர்களுக்கு: ஸ்ரீவில்லிபுத்தூர் சங்கரலிங்கம் பிள்ளை அன்று என்னிடம் கேட்டுத்தான் சாப்பிட்டார். தெரிந்தே மறைத்தவன் நான். அவரைப் பார்த்துச் சாப்பிட்ட நாலு பேருக்கும் அவர் பொறுப்பல்ல, நான்தான் பொறுப்பு. இதில் ஒரு பேரையும் மாற்றாமல் போட வேண்டும். பத்திரிகை வெளிவந்ததும் மூன்று பிரதிகளைப் பிள்ளை அவர்கள் விலாசத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும்.

மூன்று போதாது, நாலாக அனுப்பச் சொல்லுங்கள் என்கிறாள் அருளம்மாள். தளவாய்புரத்துக்கும் ஒன்று வேண்டுமாம்.